ஐந்துக்கு மேல் போகாத டியூஷன்

1

சென்னையிலிருந்து திரும்பி வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். “கேக் ஏதாவது வாங்கிட்டு வரவா?” என்று என் கணவர் அருள் கேட்டார். எதைக் கொண்டாட, ஊருக்குப் போனதையா ஊரை விட்டு வந்ததையா என்று நான் திருப்பிக் கேட்டேன். மனிதர் ரொட்டி மட்டும் வாங்கி வந்துவிட்டார்.

அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஒரு சின்ன ஊரில். எங்கள் மகள் நிம்மிக்கு ஒன்பது வயது. குறைமாதத்தில் பிறந்தவள், மூளை முடக்குவாதம். கால் இரண்டும் விறைத்துக்கொள்ளும். கை, சொன்ன பேச்சைக் கேட்கக் கொஞ்சம் யோசிக்கும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது. சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் உதவியாளர்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி உட்காரவைப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் இனிமேல் மனிதர்கள் தூக்க வேண்டாம், இயந்திரம் தூக்கட்டும் என்று முடிவு செய்யப்போகிறார்களாம்.

தூளி மாதிரி ஒரு துணி. பிள்ளையை அதில் வைத்து, கொக்கியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் மேலே தூக்கும். நல்ல கருவிதான், அது இல்லாமல் முடியவே முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் நிம்மி, பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் தானாக எழுந்து நிற்பாள். அதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? எழுந்து நிற்கிற பிள்ளையைத் தினமும் தூளியில் போட்டுத் தூக்கினால், அவள் உடம்பு நிற்பதையே மறந்துவிடும். என் பயம் அது ஒன்றுதான்.

2

நிம்மிக்கு ஆறு வயது ஆனபோது, இங்கே ஒரு மருத்துவமனை வராந்தாவில் சந்தித்த ஒரு தாய்தான் கண்டக்டிவ் எஜுகேஷன் பற்றி முதலில் சொன்னாள். ஹங்கேரியில் தொடங்கிய முறை. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. குணமாக்கிவிடுவோம் என்று யாரும் சத்தியம் செய்வதும் கிடையாது. பிள்ளையை நோயாளியாகப் பார்க்காமல் மாணவியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான்கைந்து பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒன்று முதல் ஐந்து வரை நிதானமாக எண்ணிக்கொண்டே அதைச் செய்ய வேண்டும். சொல்லிக் கொடுப்பவருக்குப் பெயர் கண்டக்டர். மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா செலினிடம் இதைப் போனில் சொன்னபோது, “எந்த ரூட்டு பஸ்ஸுடி?” என்று கேட்டாள்.

விசாரித்துப் பார்த்தால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. தூரத்து நகரத்தில் ஒன்று இருந்தது. அங்கே விடுமுறையில் மட்டும் வகுப்பு, அதற்கும் நீண்ட காத்திருப்பு. காப்பீட்டு அலுவலகத்தில் உதவித்தொகை கேட்டால், இது கல்வி, கல்வி அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், இது சிகிச்சை, காப்பீட்டுக்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உதைபடும் பந்து ஆனேன். ஒரு நாள் கோபத்தில், கல்வி அலுவலகத்துப் பெரியவரை ‘நீங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனிலும் நம்மைப் போலவே இரண்டும் தனித்தனி. மயிலாப்பூரில் படித்து வளர்ந்த ஒருத்திக்கு மரியாதை தெரியாதென்று அந்த மனுஷன் நினைத்திருப்பார். நினைக்கட்டும்!

அப்போதுதான் அருளின் அலுவலகத்தில் ஒரு பள்ளியாண்டு முழுக்கச் சென்னையில் இருந்துகொண்டே வேலை பார்க்க ஒத்துக்கொண்டார்கள். “நம்ம ஊர்ல இல்லாததா? தேடிப் பாத்துடலாம் பிலோ,” என்றார். பெட்டியைக் கட்டினோம்.

3

செலின் அக்கா பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். நாங்கள் போய் இறங்கிய மறுநாளே லீவு போட்டுவிட்டு, “வா, தி. நகர்ல ஒரு இடம் இருக்காம்,” என்று கிளப்பினாள்.

அது ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. லிஃப்ட் முழுக்கப் புடவைக் கட்டு. கட்டெல்லாம் மேலே போய்ச் சேரும்வரை காத்திருந்து போனோம். வரவேற்பில் இருந்த பையன், “மேடம், நம்மகிட்ட இல்லாத தெரபியே கிடையாது,” என்றான். கண்டக்டிவ் இருக்கிறதா என்றேன். “அதுவும் இருக்கு மேடம். எத்தன மணிக்கு வேணும்?” மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டதற்கு, “இங்க கூட்டமே கிடையாது மேடம், தனித்தனியா பர்சனல் கேர்,” என்று பெருமையாகச் சொன்னான். கூட்டம்தான் தம்பி இதற்கு உயிரே என்று விளக்கத் தெம்பில்லாமல் இறங்கி வந்தோம். வந்ததற்கு அக்கா கீழே ஒரு காட்டன் புடவை எடுத்துக்கொண்டாள்.

அடுத்து அடையாற்றில் ஒருவர். ஏதோ எண்ணெய் தேய்த்து நடக்கவைத்துவிடுவேன் என்று நிம்மியின் காலைப் பிடித்தார். அவள் ஜெர்மனில் கத்திய கத்தல் ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கும். இன்னொரு பிசியோதெரபிஸ்ட் பெண் மட்டும், “படிச்சிருக்கேன் மேடம், ஆனா எனக்குச் செய்யத் தெரியாது,” என்று நேராகச் சொன்னாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இப்படியே வாரங்கள் ஓடின. இங்கும் இல்லையென்றால் வேறு எங்கே போவது?

அந்த மாத அன்பியக் கூட்டம் அக்கா வீட்டில் நடந்தது. தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டு, காபி குடித்து ஊர்க்கதை பேசும் கூட்டம். அதில் ரோஸ்மேரி ஆன்ட்டி, அடையாற்றில் மகள் வீட்டில் தங்கி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பக்கத்து வீட்டுக் கீழ்ப்போர்ஷன்ல காலையிலேயே ஒரு டியூஷன்மா. அந்த டீச்சர் சுத்த வேஸ்ட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அவ்ளோதான்! அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. மாசக்கணக்கா அஞ்சுலயே நிக்குதுங்க பிள்ளைங்க. அதுவும் இழுத்து இழுத்துச் சொல்லுதுங்க. பீஸ் மட்டும் கரெக்டா வாங்குவாங்களா இருக்கும்.”

காபி டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டேன்.

“எந்தத் தெரு ஆன்ட்டி?”

“எதுக்கும்மா? அங்கல்லாம் போட்டுடாத. உன் பொண்ணு அங்க போனா, தெரிஞ்சதும் மறந்துபோகும்!”

மறுநாள் காலை நானும் அக்காவும் நிம்மியும் ஆட்டோவில் போய் அந்த கேட் முன்னால் நின்றோம். உள்ளேயிருந்து பிள்ளைகளின் குரல் வந்தது. “நான் நேரா உக்காருறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு...” ஒரு குரல் முந்தியது, ஒரு குரல் பின்தங்கியது, ஐந்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஆட்டோக்காரர் பயந்துபோய், “இன்னாம்மா, ஊடு மாறி வந்துட்டமா?” என்றார். இல்லை ஐயா, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அக்காதான் அவருக்குச் சொன்னாள்.

4

நடத்துபவர் வசந்தி மேடம். முறையாக வெளிநாட்டில் பயிற்சி எடுத்த கண்டக்டர். ஓயாமல் காபி குடிப்பார், சிரிப்பதற்குக் கஞ்சத்தனம் பார்ப்பார். அறையில் இருந்ததெல்லாம் இடைவெளி விட்டுக் கட்டை அடித்த பெஞ்சுகளும், முதுகுப்பக்கம் ஏணி வைத்த நாற்காலிகளும்தான். பிள்ளைகள் கட்டையைப் பிடித்து எழுந்திருப்பார்கள். ஏணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நகர்வார்கள். அம்மாக்களுக்குச் சுவரோரம் ஒரு பாய். வசந்தி மேடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “கையக் கட்டுங்க.” பிள்ளை சரிந்தாலும், திணறினாலும், அவர் சொல்லாமல் யாரும் கை நீட்டக் கூடாது.

நம் ஊரில் இது நடக்கிற காரியமா? மாதா கோவிலில் பூசை முடிந்தால் போதும், பெண்கள் ஓடி வந்து “பாவம் புள்ள” என்று நிம்மியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். அவளும் ராணி மாதிரி சவாரி செய்வாள். தூக்குவதற்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அக்கா இன்னும் ஒரு படி மேல். வகுப்பின் முதல் நாள், நிம்மி பெஞ்சில் லேசாகச் சாய்ந்ததும், “ஐயோ, மாதாவே!” என்று பாய்ந்து அணைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க வெளிய நில்லுங்க,” என்றார் வசந்தி மேடம்.

ஆயிரம் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த என் அக்கா, வாழ்க்கையில் முதல்முறையாக வெளியே நின்றாள். ஜன்னல் வழியாக முறைத்துக்கொண்டே நின்றாள். மறுநாள் முதல் பாயில் எல்லோருக்கும் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்ததும் அவள்தான்.

பாயில் எனக்குப் பக்கத்தில் காமாட்சி. அவள் பையன் சூர்யாவுக்கு நிம்மி வயது. ஆற்றோரம் இருந்த அவர்கள் குடியிருப்பை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி, சூர்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவனைத் தரையில் விட்டு, அவன் தள்ளு நடைவண்டியைக் கையில் கொடுத்துவிடுவாள்.

“பஸ்ஸுல ஏறணும்னா தூக்கித்தான் ஆவணும்க்கா. எறங்கிட்டா அவன் காலு, அவன் பாடு,” என்பாள்.

சூர்யா ஒவ்வோர் அடியாக வைக்கும்போது பஸ் ஸ்டாப்பில் சின்னக் கூட்டமே கூடி வாயைப் பிளந்து பார்க்கும். காமாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு அதட்டல் போடுவாள்: “இன்னா பாத்துக்கினே கீறீங்க? போய் வேலயப் பாருங்க!” கூட்டம் காணாமல் போகும். நிம்மி அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். எனக்கும் அந்தத் தைரியத்தில் கொஞ்சம் கடன் கேட்கலாமா என்றிருக்கும்.

நிம்மி முதலில் வாயே திறக்கவில்லை. ஜெர்மனில் முனகினாள். இங்கே எல்லோரும் சேர்ந்து சொல்வதைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில் என்று வசந்தி மேடம் விடவில்லை. தமிழ் வந்தது. ஆனால் என்னிடமிருந்து இல்லை, அக்காவிடமிருந்தும் இல்லை, சூர்யாவிடமிருந்து வந்தது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், “பெரீம்மா, தண்ணி எங்க கீது?” என்று கேட்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“தமிழ் டீச்சர் வீட்ல இருந்துக்கிட்டு, கீதுங்கிறா பாருடி! ஏண்டி, இருக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?”

“வலிக்கும்,” என்றாள் நிம்மி.

மழைக்காலம் முடிந்து ஒரு சாதாரணக் காலையில், கட்டையைப் பிடித்துக்கொண்டு நிம்மி எழுந்து நின்றாள். அதுவரை யாராவது முட்டியைத் தாங்கினால்தான் நிற்பாள். அன்று யாரும் தாங்கவில்லை. தாங்கப்போன கையை மடக்கிக் கட்டிக்கொண்டேன். வசந்தி மேடம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “ம், அடுத்தது,” என்றார். காமாட்சிதான் விசில் அடித்தாள். அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மாதம் சூர்யாவும் டம்ளரைத் தானே பிடித்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். பாயில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்த மாதமே தீபாவளிதான்.

5

திரும்பும்போது வசந்தி மேடத்திடம் சொல்லி ஓர் ஏணி நாற்காலியும் வாங்கி வந்தோம். விமான நிலையத்தில் பெட்டி போடும் பெண், “சார், இது சேரா, ஏணியா?” என்று அருளைக் கேட்டாள். “ரெண்டும்தான்” என்றார் அவர். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

வீட்டில் அந்த நாற்காலிதான் நிம்மிக்குக் கை. அதைப் பிடித்துக் கட்டிலிலிருந்து எழுவாள், கழிப்பறையில் நிற்பாள். பள்ளிக்கும் கொண்டுபோனேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்பு முத்திரை இல்லையாம். இந்த நாட்டில் முத்திரை இல்லாத நாற்காலி விறகுக்குச் சமம். பிள்ளைகள் உட்காருகிற இடம், அவர்கள் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவள் பள்ளியில் எப்படி நிற்பாள்? ஊரில் ஆளாளுக்குத் தூக்கினார்கள். இங்கே அனுமதி இல்லாமல் ஒருவரும் தொட மாட்டார்கள், அனுமதி கிடைத்தால் மோட்டார் வைத்துத் தூக்குவார்கள். நடுவில் என் பிள்ளை தானாக எழுந்திருக்க இடமே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்னொரு பக்கம் தமிழும் போய்க்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்த புதிதில் ஓயாமல் பேசியவள், கொஞ்ச நாளில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தால், “ஹலோ பெரீம்மா, சாப்டேன், பை” என்று முடித்துவிடுவாள். வீட்டில் எழுந்து நிற்கும்போதும் சத்தமாக எண்ணுவதில்லை. உதடு மட்டும் அசையும். எந்த மொழியில் எண்ணுகிறாள் என்று கேட்டேன். “என் மொழியில்” என்றாள், ஜெர்மனில். எனக்குச் சுருக்கென்றது. சரி, நின்றால் போதும், எந்த மொழியில் நின்றால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

6

பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போகும் முன் எனக்கு ஒன்று தோன்றியது. கோடை விழாவின்போது அவர்கள் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்திருந்தேன். சுவர் முழுக்க ஏணி! தரையிலிருந்து உச்சிவரை வரிசையாக உருண்டைக் கட்டைகள், பிள்ளைகள் ஏறித் தொங்குவதற்கு. அத்தனையும் முத்திரை குத்தியவை. வசந்தி மேடத்தின் பெஞ்சுக் கட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, கூட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘நீங்கள்’ என்றுதான் கேட்டேன்.

அவர் பெர்க்மன். நான் மனசுக்குள் பெர்க்மன் அம்மா என்று கூப்பிடுவேன், நல்ல மனுஷி. அவரும், உதவியாளர்களும், தூளி இயந்திரத்தின் படத்தோடு ஓர் அதிகாரியும், பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் க்ரவுஸ என்ற பெரியவரும் வந்திருந்தார்கள். “இந்த இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இவள் நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்,” என்றேன். வீட்டில் பழகிய நாற்காலி வேறு, இந்தச் சுவர் வேறு. இவ்வளவு பேர் முன்னால் கால் விறைத்துக்கொண்டால்? இன்று நிற்காவிட்டால் நாளை முதல் தூளிதான்.

அருள் அவளைச் சுவருக்கு எதிரே கொண்டுபோய் பிரேக் போட்டார். நிம்மி ஒரு கட்டையைப் பிடித்தாள். பாதி எழுந்தாள். கால் வழுக்கித் திரும்ப நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். “ஓ!” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். உதவியாளர் இரண்டு பக்கமும் கை நீட்டினாள். அருளின் கை நிம்மியின் அக்குளுக்கே போய்விட்டது.

நிம்மி திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது.

“கையக் கட்டுங்க,” என்றாள். அச்சு அசல் வசந்தி மேடம்.

“என்ன சொல்கிறாள்?” என்று பெர்க்மன் அம்மா கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை வைத்தார், கையைக் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து உதவியாளர்களும் கட்டினார்கள். அதிகாரி, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டினார். கடைசியாகக் கட்டியவர் அருள்.

“கட்டயப் புடிக்கிறேன்,” என்றாள் நிம்மி. தமிழில்! சத்தமாக! “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.” அந்தப் பெரிய கூடத்தில் எதிரொலித்தது. “எழுந்திரிக்கிறேன். ஒண்ணு... ரெண்டு...” மூன்றில் கால் நடுங்கியது. நானும் வாய்க்குள் எண்ணினேன். பக்கத்தில் அருளும் எண்ணினார். ஐந்தில் அவள் நின்றாள். கட்டையைப் பிடித்துக்கொண்டு, முட்டியை நிமிர்த்தி, என் பிள்ளை தன் காலில் நின்றாள்.

பெரியவர் க்ரவுஸ பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தார். அவள் கை பிடித்திருந்த கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். “கழிப்பறைச் சுவரில் இதே மாதிரி இரண்டு கட்டை அடித்துவிடலாமே” என்றார். பெர்க்மன் அம்மா அதிகாரியைப் பார்த்து, “படத்தை உள்ளே வையுங்கள். முதலில் கட்டையை அடிப்போம்,” என்றார்.

அப்புறமும் யாரும் நகரவில்லை. கட்டிய கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பெரிய மனுஷர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அப்படியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிம்மி தோளுக்கு மேல் திரும்பினாள்.

“இன்னா பாத்துக்கினே கீறீங்க? போய் வேலயப் பாருங்க!”

அருளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெர்க்மன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

“இப்போது என்ன சொன்னாள்?”

“உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறாள்,” என்றேன்.